மாணவரும் ஆங்கிலச் சொல்வளமும்

க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றி, நல்ல பெறுபேறு பெற்று, மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ அனுமதி பெறும் மாணவர் முதல் வாரத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குகின்றனர். பதின்மூன்று ஆண்டுகளாகத் தாய்மொழியிற் பயின்றவற்றை இனி ஆங்கிலத்திற் கேட்டு, ஆங்கிலத்திற் குறிப்பெடுத்து, ஆங்கிலத்திலேயே விடை எழுத வேண்டும். பாடம் அவர்களுக்கு முற்றும் புதிதன்று. விரிவுரையாளர் வரைந்து காட்டும் இதயத்தின் நான்கு அறைகளையும் அவர்கள் நன்கறிவர். ஆயினும், அரைமணி நேரம் கழிவதற்குள் பேச்சின் இழை கையினின்றும் நழுவிவிடுகின்றது. வகுப்பிலே முதன்மை பெற்று வந்த பிள்ளை தன் அறிவிலேயே ஐயங்கொள்ளத் தொடங்குகின்றது. குறைபாடு அறிவில் அன்று, சொல்லிலேதான் என்பதை அப்பிள்ளைக்கு எடுத்துரைப்பார் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை.

இந்நிலையில் மாணவர் பலர் செய்யும் முதற்காரியம், ஆயிரக்கணக்கான அருஞ்சொற்களை அகரவரிசையில் அடுக்கிப் பொருள் எழுதிய ஒரு நூலை வாங்குவதாகும். இப்பொழுது அந்நூலின் இடத்திற் கைத்தொலைபேசிச் செயலி ஒன்று வந்திருக்கின்றது, முறை பழையதே. நாளொன்றுக்கு ஐம்பது சொல் என்று திட்டமிட்டு மனனஞ் செய்யத் தொடங்குவர். முதல் வாரம் ஊக்கத்தோடு செல்லும். இரண்டாம் வாரத்தில், முதல் வாரத்துச் சொற்கள் இருந்த இடந் தெரியாது மறைந்திருக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்திலே தொடங்கும் அருஞ்சொற்களில் வல்லவராயும், நடுவெழுத்துக்களை எட்டிப் பாராதவராயும் முயற்சியைக் கைவிட்டோர் தொகை பெரிது.

பேச்சின் இழை எந்தச் சொல்லிலே நழுவுகின்றது என்று நின்று பார்ப்பதே முதலிற் செய்யத்தக்கது. துறைச்சொற்களில் அன்று. 'போட்டோசிந்தசிஸ்' என்னும் சொல் வருமாயின், விரிவுரையாளர் அதனைப் பலகையில் எழுதுவார், வரைவிலக்கணம் கூறுவார், பாடநூலின் இறுதியில் அதற்கு விளக்கமும் இருக்கும். ஆனால், 'இம்முடிவுகள் இன்னதைக் காட்டுகின்றன' என்னுமிடத்து 'இன்டிகேட்' என்றும், 'இவ்வாறு கொள்வோமாயின்' என்னுமிடத்து 'அசியூம்' என்றும், 'முன்னையதோடு முரணின்றி இசைந்து நிற்கின்றது' என்னுமிடத்து 'கொன்சிஸ்டன்ட்' என்றும், 'அதன் பின்னர் நிகழ்ந்த' என்னுமிடத்து 'சப்சிக்குவென்ட்' என்றும் வரும் சொற்களை எவரும் நின்று விளக்குவதில்லை. அவை எல்லார்க்கும் தெரிந்தவை என்பது பேசுவோர் எண்ணம். வீட்டுப் பேச்சிலே அவை வருவதில்லை, கடைத்தெருவிலே வருவதில்லை, துறை அகராதியிலும் இடம்பெறுவதில்லை. வாதத்தின் மூட்டுக்களாய் நின்று கருத்தையும் கருத்தையும் பிணைப்பவை இச்சொற்களே. மூட்டுக் கழன்றால் உறுப்புக்கள் இருந்தும் உடல் நடவாது.

இத்தகைய சொற்கள் எத்தனை? ஆங்கிலத்தின் முழுச் சொற்றொகையை நினைந்து மலைப்போர்க்கு இவ்வினாவின் விடை ஆறுதல் அளிப்பதாகும். சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியிலேயே ஏறத்தாழ 42,000 சொற்கள் இடம்பெற்றன. 1884இற் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவெய்திய ஒக்ஸ்போட் பேரகராதி அதனைப் பன்மடங்கு விஞ்சியது. ஆனால், அகராதியிற் கிடப்பது வேறு, வழக்கில் உலவுவது வேறு. வங்காளத்தின் டாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் ஈடுபட்டிருந்த மைக்கல் வெஸ்ட் என்பவர், 1953இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லும் எப்பொருளில் எத்துணை முறை வருகின்றது என்பதையும் அத்தொகுதி காட்டியமை அதன் சிறப்பு. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்கெட் என்னும் அம்மையார், கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் நூல்களிலும் கட்டுரைகளிலுமிருந்து ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட எழுத்தை ஆராய்ந்தார். வெஸ்ட் அவர்களின் தொகுதிக்கு அப்பால், எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகத் திரும்பத் திரும்ப வருவன 570 சொற்குடும்பங்களே என்பது அவர் கண்ட முடிவு. உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களிற் பத்தில் ஒரு பங்கு இச்சிறு தொகுதியினின்றும் வருகின்றது. மேலே கூறிய இன்டிகேட், அசியூம் முதலியன இத்தொகுதியைச் சேர்ந்தவையே.

சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதன் வழிவந்தனவுமாம். 'அனலைஸ்' என்னும் வினை, 'அனலிசிஸ்' என்னும் தொழிற்பெயர், 'அனலிஸ்ட்' என்னும் ஆட்பெயர், 'அனலிட்டிக்கல்' என்னும் பெயரடை ஆகியன ஒரே குடும்பம். நாளொன்றுக்கு இரண்டு குடும்பம் வீதம் கற்பின் 570ஐயும் 285 நாளிற் பார்த்து முடிக்கலாம். உயர்தரப் பரீட்சை எழுதிய பின்னர் பல்கலைக்கழகத்தின் வாயில் திறக்கும்வரை மாணவர் காத்திருக்கும் மாதங்கள் பல. அவை பெரும்பாலும் வெறிதே கழிகின்றன. உயர்தரத்திற் பொது ஆங்கிலம் என ஒரு வினாத்தாள் இருக்கின்றது. ஆயின் அதன் பெறுபேறு அனுமதிக்குரிய இசட் புள்ளிக் கணிப்பிற் சேர்க்கப்படுவதில்லை. சேராத புள்ளிக்காக எவர்தாம் உழைப்பர்? மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. காத்திருக்கும் அக்காலத்தையேனும் இதற்குச் செலவிடுவாராயின் முதல் வாரத்து அச்சம் பாதியாய்க் குறையும்.

ஆங்கிலத்தில் எளிய சொல்லும் அரிய சொல்லும் இரு வேறு படைகளாய் நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செய்தது. கோயிலிலும் கலாசாலையிலும் இலத்தீன் இருந்தது. வயலிலும் அடுக்களையிலும் ஆங்கிலம் இருந்தது. பின்னர் மறுமலர்ச்சிக் கால அறிஞர் இலத்தீன், கிரேக்கச் சொற்களை மேலும் வாரிக்கொணர்ந்தனர். இதனால் 'வினவுதல்' என்னும் ஒரு பொருளுக்கு 'ஆஸ்க்' என்னும் நாட்டுச் சொல்லும், 'குவெஸ்ச்சன்' என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லும், 'இன்டரொகேட்' என்னும் இலத்தீன் சொல்லும் அமைந்தன. மூன்றும் ஒன்றல்ல. தாய் பிள்ளையை வினவுவது முதலாவது. பொலிசார் குற்றஞ் சாட்டப்பட்டவரை விசாரிப்பது மூன்றாவது. இயற்சொல்லும் திரிசொல்லும் திசைச்சொல்லும் வடசொல்லும் எனத் தம் மொழியின் சொற்களையே நான்காகப் பகுத்துக் கற்கும் தமிழ் மாணவர்க்கு இந்நிலை விளங்காததொன்றன்று.

உயர்சொற்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்க வழியின என்பதனால் ஒரு பெரும் வசதி உண்டாகின்றது. அவை பகுத்துப் பார்க்கத் தக்கன. நன்னூல் கற்ற மாணவர் 'நடந்தனன்' என்னும் சொல்லைக் கண்டால் அதனைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி எனக் கூறுபடுத்தப் பழகியிருக்கின்றனர். அந்தக் கத்தியே இங்கும் உதவும். 'ட்ரான்ஸ்போட்டேஷன்' என்பதில் 'போட்' பகுதி. சுமத்தல் என்பது பொருள். 'ட்ரான்ஸ்' முன்னொட்டு, அப்பால் என்பது பொருள். 'ஏஷன்' தொழிற்பெயர் விகுதி. 'போட்' என்னும் பகுதியோ கிராமத்தவரும் அறிந்தது. புகைவண்டி நிலையத்திற் பெட்டி சுமப்பவர் 'போட்டர்'. கீழிருந்து சுமந்து தாங்குவது 'சப்போட்'. சென்று கண்டதைத் திரும்பக் கொணர்ந்து தருவது 'ரிப்போட்'. உள்ளே கொணர்வது 'இம்போட்'. வெளியே கொண்டு செல்வது 'எக்ஸ்போட்'. உள் என்னும் பொருள்தரும் 'இன்', பகரவொலியின் முன் 'இம்' எனத் திரிவது, மரம் என்பது விகுதியேற்று 'மரங்கள்' எனத் திரிவதை ஒத்த புணர்ச்சி விகாரமேயாகும். இதனைக் காணும் மாணவர்க்கு ஆங்கில எழுத்துக்கூட்டலின் புதிர்களிற் சில தாமாகவே அவிழ்ந்துவிடும்.

வேறொரு பகுதி, 'ஸ்பெக்ட்'. பார்த்தல் என்பது பொருள். பாடசாலைகளைப் பார்வையிட வந்த அதிகாரியை முன்னாளில் ஆங்கிலத்தில் 'இன்ஸ்பெக்டர்' என்றும் தமிழில் 'வித்தியாதரிசி' என்றும் வழங்கினர். உட்புகுந்து பார்ப்பவர் என்பது முன்னது. வித்தையைத் தரிசிப்பவர் என்பது பின்னது. இரு மொழியும் கண்ணையே முதலாகக் கொண்டு அச்சொல்லை ஆக்கின. அவர் வரும் நாளிலே தரிசனத்துக்குரிய பயபக்தி பாடசாலையில் நிலவியதும் உண்மையே. இனி அப்பகுதியைப் பின்தொடர்ந்து செல்க. மூக்குக்கண்ணாடி 'ஸ்பெக்டகிள்ஸ்'. கீழ்க்கண்ணாற் பார்த்து ஐயுறுவது 'சஸ்பெக்ட்'. ஒருவரைத் திரும்பவும் பார்க்கும் மதிப்பு 'ரெஸ்பெக்ட்'. முன்னே தெரியும் எதிர்காலம் 'ப்ரொஸ்பெக்ட்'. சுற்றும்முற்றும் பார்த்து நடக்கும் விழிப்புடைமை 'சேர்க்கம்ஸ்பெக்ட்'. தன்னுள்ளே தான் பார்த்தல் 'இன்ட்ரொஸ்பெக்ஷன்'. இறுதியிரண்டும் பட்டதாரிகளும் தயங்கும் சொற்கள். பழகிய வீட்டுப் படலையிலிருந்து நடந்து சென்றமையால் அவற்றை அடைவது கடினமாயிருக்கவில்லை.

தமிழ்மொழி மூலம் விஞ்ஞானங் கற்றவர்க்கு இவ்வழியில் ஒரு முற்சேமிப்பும் உண்டு. தாய்மொழியிற் கற்றமையே தடை என்று கருதுவோர் இதனைக் கவனிப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கென மருத்துவக் கலைச்சொற்களையும் ஆக்குவித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டின் பின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவற்றிற் பல, மூலச்சொல்லின் உறுப்புக்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்து அமைத்தவை. நுணுக்குக்காட்டி 'மைக்குரொஸ்கோப்', தொலைக்காட்டி 'டெலிஸ்கோப்'. ஆகவே 'மைக்குரொ' நுணுக்கு, 'டெலி' தொலை, 'ஸ்கோப்' காட்டி. வெப்பமானி 'தேர்மொமீட்டர்' என்பதனால் 'தேர்மொ' வெப்பம், 'மீட்டர்' மானி. மின்பகுப்பு 'இலெக்ட்ரொலிசிஸ்', நீர்ப்பகுப்பு 'ஹைட்ரொலிசிஸ்', ஆதலின் 'லிசிஸ்' பகுப்பு. ஒளித்தொகுப்பு 'போட்டோசிந்தசிஸ்' என அறிந்தவர், 'சிந்தசிஸ்' என்னும் சொல்லை மெய்யியல் நூலிலே தனியே கண்டாலும் தொகுப்பு என்று உய்த்துணர்வர். தமிழிலே பொருளுணர்ந்து கற்ற பிள்ளை உறுப்புக்களைக் காண்கின்றது. ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்திற் கற்ற பிள்ளைக்கு அது பலவேளைகளிற் புலனாவதில்லை.

இவ்வாறு பகுத்து அறிவதற்கு எல்லையும் உண்டு. 'பாஸ்போட்' என்பதில் உள்ள 'போட்' சுமத்தலன்று. துறைமுகம் என்னும் வேறொரு சொல். 'இன்' என்னும் முன்னொட்டு ஓரிடத்தில் 'உள்' எனவும் ஓரிடத்தில் 'அல்லாத' எனவும் பொருள்படும். 'மனுபக்சர்' என்பதன் உறுப்புப்பொருள் கையாற் செய்தல். இன்றோ பொறியாற் செய்வதையே அது குறிக்கும். பகுதியின் பொருள், கண்ட சொல்லை நினைவில் மாட்டிவைக்கும் ஆணி. காணாத சொல்லுக்கு அதனைக்கொண்டே முடிந்த முடிபாகப் பொருள் கூறலாகாது.

ஒரு சொல்லின் பொருளை அறிந்தமட்டில் அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் வந்துவிடுவதில்லை. தமிழிலே பூவைக் கொய்வர், தேங்காயைப் பிடுங்குவர், நெல்லை அறுப்பர், கிழங்கைக் கிண்டுவர். 'நெல்லைக் கொய்தான்' என்று அயல்மொழியார் கூறினால் பொருள் விளங்கும், நகைப்பும் உண்டாகும். ஆங்கிலச் சொற்களும் இவ்வாறு தத்தமக்குரிய துணைகளோடுதான் நடமாடும். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கும் தேநீருக்கும் 'ஸ்ட்ரோங்'. தவறு என்பதனோடு 'மேக்' வரும். வீட்டுவேலை என்பதனோடு 'டூ' வரும். ஏன் என்று கேட்டாற் காரணமில்லை, வழக்கு அது. ஆங்கில தமிழ் அகராதி, சொல்லுக்கு நேர்சொல் தந்து தன் பணியை முடித்துக்கொள்கின்றது. துணைகளை அறிய, கற்போர்க்கென ஆங்கிலத்திலேயே எளிய விளக்கத்தோடும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடும் ஆக்கப்பட்ட அகராதி வேண்டும். இத்துறையிற் பெயர்பெற்ற ஹோன்பி என்னும் ஆங்கிலேயர் ஜப்பானிய மாணவர்க்கு ஆங்கிலங் கற்பித்தவர். ஆங்கிலேயர்க்கென ஆக்கப்பட்ட அகராதி அம்மாணவர்க்கு உதவாதென்பதைக் கண்டு அவரும் துணைவரும் ஆக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒக்ஸ்போட் பதிப்பகம் அதனை 1948இல் வெளியிட்டது. அதன் வழிவந்த பதிப்புக்களே இன்றும் மாணவர் கையில் இருக்கின்றன. தமிழ்ப்பொருளை முதலிற் பார்த்துவிட்டுப் பின்னர் இதனைத் திறப்பதிற் குற்றமில்லை. தமிழ்ப்பொருளோடு நின்றுவிடுவதே குற்றம்.

பழகிய சொல் புதுப்பொருளில் வருவது மற்றோர் இடறுகட்டை. 'கல்சர்' பண்பாடு என்று அறிந்தவர், நுண்ணுயிரியல் வகுப்பில் அது பற்றீரியாவை வளர்த்தெடுத்தலைக் குறிக்கக் கண்டு திகைப்பர். 'சொலூஷன்' கணிதத்திலே தீர்வு, இரசாயனத்திலே கரைசல். 'சிக்னிபிகன்ட்' பொதுவழக்கில் முக்கியமானது. புள்ளிவிபரவியலிலோ, தற்செயலால் எளிதில் விளைந்திராதது என்னும் நுண்பொருளுடையது. அறியாத சொல்லைக் கண்டவர் அகராதியைத் திறப்பர். அறிந்ததாக எண்ணிய சொல்லுக்கு எவரும் திறப்பதில்லை. ஆதலின் இவையே மிகவும் ஏமாற்றுவன.

இனி, கற்றதை நினைவில் நிறுத்தும் வகை. முன்னாளில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை மனப்பாடஞ் செய்தனர். பலர் புலமையும் எய்தினர். அவ்வாறிருக்க ஆங்கிலப் பட்டியலை மனப்பாடஞ் செய்வது மட்டும் ஏன் பயன்தரவில்லை என்று வினவலாம். நிகண்டு அகரவரிசைப் பட்டியலன்று. பொருளால் இனஞ்சேர்த்துப் பாட்டாக யாத்தது. ஒருபொருட் பல்பெயரை ஓரிடத்திலும் ஒருசொற் பல்பொருளை ஓரிடத்திலும் வைத்துச் செல்வது. அதனினும் முக்கியம், மனனஞ் செய்த சொல்லை அப்பிள்ளை அந்தாதியிலும் புராணத்திலும் மீண்டும் மீண்டும் சந்தித்தது. சந்திப்பு இல்லாத மனனம் நிலையாது. ஜேர்மனிய உளவியலாளர் எபிங்ஹோஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்ட ஆய்வில், கற்றதன் பெரும்பகுதி கற்ற சிறிது நேரத்திலேயே மறைகின்றதென்றும், ஒரே அமர்வில் உருப்போடுவதினும் இடைவெளி விட்டு மீட்டுப் படிப்பது நன்கு நிலைக்கின்றதென்றும் காட்டினார். இன்று கற்ற சொல்லை நாளையும், நான்கு நாளின் பின்பும், இரண்டு வாரத்தின் பின்பும் பார்ப்பதற்கு ஒரு கொப்பி போதும். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாது, அச்சொல் வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதிவைத்தல் வேண்டும். வாக்கியத்தை நினைத்தாற் சொல்லும் துணையும் சேர்ந்து வரும்.

சந்திப்புக்கு வாசிப்பன்றி வேறு வழியில்லை. ஆயின், எதை வாசிப்பது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். நூறு சொல்லில் அறியாதவை இரண்டுக்கு மேற்படாத நூலே இடர்ப்பாடின்றி வாசிக்கத்தக்கது என்பது இத்துறை ஆய்வாளர் பொதுவாகக் கொள்ளும் அளவு. நாவலையும் செய்தித்தாளையும் அவ்வாறு துணையின்றி வாசிக்க எண்ணாயிரம் முதல் ஒன்பதினாயிரம் சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்று போல் நேஷன் என்னும் அறிஞர் 2006இற் கணித்தார். எனவே தொடக்கத்திலேயே பெரும் நாவல்களோடு போராடுவது வீண். சுருக்கி எளிமையாக்கிய கதைநூல்களில் தொடங்கினால் எவரும் நகைக்கப் போவதில்லை. தாம் முன்னரே தமிழிற் படித்துத் தேர்ந்த பாடத்தை ஆங்கிலப் பாடநூலில் வாசிப்பது இன்னும் நன்று. பொருள் தெரிந்திருத்தலின் சொல் தானே வழிவிடும்.

உயர்சொல் என்பதைப் பகட்டுச்சொல் என்று மயங்குவாரும் உளர். 'பிகின்' என்று எழுதத்தக்க இடமெல்லாம் 'கொமென்ஸ்' என்றும், இறப்பை எங்கும் 'டிமைஸ்' என்றும் எழுதினால் ஆங்கிலம் உயர்ந்துவிடாது. பழைய கந்தோர்க் கடிதங்கள் பல இந்நோய்க்கு ஆளாகியிருந்தன. அரிய சொற்களிற் பொறுக்கியெடுத்துச் சுவைக்கத்தக்கவை இல்லாமலில்லை. இலங்கையின் பழம்பெயராகிய செரண்டிப் என்பதிலிருந்து ஹொறஸ் வோல்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754இல் ஒரு கடிதத்தில் ஆக்கிய 'செரண்டிப்பிட்டி' அத்தகையது. தேடாமலே நல்லதொன்றைக் கண்டடையும் பேறு என்பது பொருள். அதனை அறிந்திருப்பது அழகு. பரீட்சை மண்டபத்திலே தேவைப்படுவனவோ வேறு.

அம்மண்டபத்தில் வினாத்தாளின் ஏவற்சொற்களே முதலில் எதிர்ப்படும். 'டிஸ்கிறைப்' என்றால் உள்ளதை உள்ளவாறு விவரித்தல். 'எக்ஸ்பிளேன்' என்றால் எவ்வாறு, எதனால் என்று விளக்குதல். 'கொம்பெயர்' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்குதல். இரண்டைப் பற்றியும் தனித்தனியே பக்கம் பக்கமாக எழுதுவது அதற்கு விடையாகாது. 'ஜஸ்டிபை' என்றால் கொண்ட முடிவுக்கு நியாயங் காட்டுதல். 'அக்கவுன்ட் போர்' என்பதைக் கண்டு கணக்கு ஏதோ கேட்கின்றனர் என மயங்குவோர் இன்றும் உளர். காரணங் காட்டுக என்பதே அதன் பொருள். பாடம் முழுதும் தெரிந்திருந்தும் விவரித்துவிட்டுக் காரணங் காட்டாது வந்தவர் பாதிப் புள்ளியை அங்கேயே விட்டுவந்தவராவார்.

இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் புகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கில ஆசிரியர் போதாத கிராமப் பாடசாலைகள் பல உண்டு. அங்கும் விஞ்ஞான ஆசிரியரும் கணித ஆசிரியரும் இருக்கின்றனர். பத்தாந் தரத்திலிருந்தே அவர்கள் ஒரு பாடத்துக்கு மூன்று சொல் வீதம் தமிழ்ச்சொல்லை நீக்காது அதனருகே ஆங்கிலச்சொல்லை எழுதி, இரண்டின் உறுப்புக்களையும் கோடிட்டுப் பிரித்துக் காட்டலாம். மின்பகுப்பு என்பதன் நடுவே ஒரு கோடு. இலெக்ட்ரொலிசிஸ் என்பதன் நடுவே ஒரு கோடு. பாடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேற் செலவாகாது.